தட்டின் இடது பக்கம்

டிரைவர்: ஏம்மா, வேன் ஓட்டறதுக்கும் டீ போடறதுக்கும் என்ன சம்பந்தம்?

தெரபிஸ்ட்: இருக்குண்ணா. முதல்ல போடுங்க, சொல்றேன்.

டிரைவர்: இத்தனை வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வருதுன்னதும் ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். வந்து உக்காந்து, 'என்ன செய்யணும்னு ஆசை'ன்னு கேட்டீங்க. வேன் ஓட்டணும்னேன். கரண்டியைக் கையில குடுக்கறீங்க!

மனைவி: விடும்மா, நான் போட்டுத் தர்றேன். பக்கவாதம் வந்து எழுந்த மனுஷன், அடுப்பு முன்னாடி எதுக்கு...

தெரபிஸ்ட்: அக்கா, நீங்க அந்த ஸ்டூல்லயே உக்காருங்க.

மனைவி: உக்காந்துதான் இருக்கேன்.

டிரைவர்: உங்க படிப்புப் பேரே தொழில் சிகிச்சையாமே? ஆளைக் கொண்டுபோய்த் தொழில்ல விடறதுதானே உங்க வேலை? சட்டுப்புட்டுனு விட்டுட்டுப் போங்களேன்.

தெரபிஸ்ட்: தொழில்னா சம்பளத்துக்குச் செய்யறது மட்டுமாண்ணா? பல்லு விளக்கறது, சட்டை போடறது, டீ போடறது, பக்கத்து வீட்டுல வம்பளக்கறது... ஒருத்தரோட நாள் ஓடறதுக்கு எதெல்லாம் வேணுமோ, எல்லாம் தொழில்தான்.

டிரைவர்: வம்பளக்கறதா? அப்ப இவ டபுள் டூட்டி பார்க்கறா.

மனைவி: ஆமா, நீங்க வாயில்லாப் பூச்சி. ஐயோ, பால் பொங்குது...

தெரபிஸ்ட்: சொல்லாதீங்கக்கா. அவரே பார்ப்பார்.

டிரைவர்: பார்த்துட்டேன், பார்த்துட்டேன்... இறக்கியாச்சு.

மனைவி: கரண்டியை வச்ச கை உடனே பாக்கெட்டுக்குப் போயிடுச்சு பாரு. கொஞ்ச நேரம் அந்தச் சாவியைக் குலுக்காம இருங்களேன்.

தெரபிஸ்ட்: என்ன சாவி?

மனைவி: வேன் சாவி. வீட்டுக்கு வந்ததுல இருந்து பாக்கெட்லதான். தூங்கறப்ப தலையணைக்கு அடியில. யார் கேட்டாலும் வெளியில எடுக்க மாட்டார்; புது டிரைவர் மாத்துச் சாவியிலதான் ஓட்டறான். அது பத்திரமா இருக்கு. என் பீரோ சாவிதான் ஒரு வாரமாக் காணோம்.

டிரைவர்: எங்கேயாவது வச்சிருப்பே. உன் ஞாபகம் ஊருக்கே தெரியும்.

தெரபிஸ்ட்: டம்ளர்ல ஊத்துங்கண்ணா. மூணு பேருக்கும்.

டிரைவர்: இதுல என்ன இருக்கு... இந்தாங்க, ஆச்சு.

தெரபிஸ்ட்: எல்லாருக்கும் ஆச்சா?

டிரைவர்: உங்களுக்கு ஒண்ணு. அவளுக்கு ஒண்ணு. எனக்கு... ஏய், எனக்கு டம்ளர் வைக்கலையா நீ?

மனைவி: வச்சேங்க. இதோ...

தெரபிஸ்ட்: அக்கா, அதை நகர்த்தாதீங்க.

மனைவி: நான் எங்கே நகர்த்தினேன்?

தெரபிஸ்ட்: கை டம்ளர் மேலதானே இருக்கு?

டிரைவர்: ஓ... அந்தப் பக்கம் ஒண்ணு இருந்துச்சா? அவசரத்துல கவனிக்கல. அது ஒரு குத்தமா?

தெரபிஸ்ட்: குத்தமே இல்லண்ணா. டீயைக் குடிச்சுட்டு, உள்ள போய்ச் சட்டை மாத்திட்டு வாங்க. நீங்களே.

டிரைவர்: பீரோதான் பூட்டிக் கிடக்கே.

மனைவி: கொடியில ஒண்ணு காயுது பாருங்க, அதை எடுத்துக்கோங்க. நான் வேணா வந்து...

தெரபிஸ்ட்: அக்கா.

டிரைவர்: சரி, போறேன். சட்டை போட்டுக் காட்டினா 'ஓட்டலாம்'னு எழுதிக் குடுத்துடணும், ஆமா.

மனைவி: ...போயிட்டாரா?

தெரபிஸ்ட்: போயிட்டார்.

மனைவி: மெதுவாப் பேசு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்மா. எழுதிக் குடுத்துடு.

தெரபிஸ்ட்: அவருக்கு இடது பக்கம் தெரியலக்கா.

மனைவி: கண்ணு நல்லா இருக்குன்னு கண் டாக்டரே சொன்னாரே!

தெரபிஸ்ட்: கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கண்டுக்க மாட்டேங்குது. பக்கவாதத்துல இப்படி வர்றது உண்டு. உங்களுக்கு முன்னாடியே தெரியும். இல்லன்னா டம்ளர் மேல கை போயிருக்காது. எப்ப தெரிஞ்சுது?

மனைவி: ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே. தட்டுல பாதி சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனார். வயிறு சரியில்லையோன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல பசிக்குதுங்கறார். தட்டைப் பார்த்தா, கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் காலி, அந்தப் பக்கம் அப்படியே இருக்கு.

தெரபிஸ்ட்: அப்புறம்?

மனைவி: அதுல இருந்து பாதியில தட்டைத் திருப்பி வச்சுடுவேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே. ஷேவ் பண்றப்பவும், சோப்பு ஒட்டியிருக்குன்னு சொல்லி அந்தக் கன்னத்தை நான்தான் வழிச்சு விடறேன்.

தெரபிஸ்ட்: ஏன்க்கா மறைச்சீங்க?

மனைவி: கண் முழிச்சதும் முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? 'வண்டி ஓட்ட முடியாதுன்னா என்னை எதுக்குடி பொழைக்க வச்சே'ன்னு கேட்டார். அந்த வாயால இப்ப, 'அடுத்த மாசம் ஓட்டுவேன் பாரு'ங்கறார். அதுல நான் மண்ணள்ளிப் போடவா?

தெரபிஸ்ட்: புரியுதுக்கா.

மனைவி: உனக்குப் புரியாது. அதே வேன்ல நான் ஆயா. கதவைச் சாத்திட்டு 'போலாம் ரைட்'னு நான் குரல் குடுக்காம அவர் வண்டியை நகர்த்தினதே இல்ல. இனிமேலும் அப்படியே பக்கத்துல உக்காந்துக்கறேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கறேன்.

தெரபிஸ்ட்: பிள்ளைங்க எந்தப் பக்கமா ஏறுவாங்க?

மனைவி: இடது பக்கமா.

தெரபிஸ்ட்: தட்டைத் திருப்பலாம்க்கா. ரோட்டைத் திருப்ப முடியுமா?

மனைவி: ...அப்ப நீயே சொல்லிடு. என் வாயால வராது.

டிரைவர்: என்ன, நான் அந்தண்டை போனதும் குசுகுசுன்னு? இந்தா, சட்டை போட்டாச்சு. பட்டன் வரைக்கும் ரைட்.

மனைவி: ஏங்க... கை...

தெரபிஸ்ட்: அக்கா, இருங்க. அண்ணா, தலையை மெதுவா இடது பக்கம் திருப்புங்க. இன்னும்... இன்னும் கொஞ்சம். என் கை தெரியுதா?

டிரைவர்: எங்கே... ம், இப்பத் தெரியுது.

தெரபிஸ்ட்: அப்படியே கீழ பாருங்க.

டிரைவர்: ...கையை விடாமலே சட்டைக்கை சும்மா தொங்குது.

தெரபிஸ்ட்: ஆமாண்ணா.

டிரைவர்: காக்கா விரட்ட வயல்ல நட்டுடலாம் போல.

தெரபிஸ்ட்: அண்ணா... ஓட்டலாம்னு நான் எழுத மாட்டேன். பயிற்சி குடுத்தா நிறைய மாறும். ஆனா எவ்வளவு மாறும்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல.

டிரைவர்: ஏய், நீ எதுக்கு அழறே? என்னைத்தானே சொன்னாங்க?

மனைவி: நான் அழல.

தெரபிஸ்ட்: இந்தச் சிவப்பு டேப்பைத் தட்டோட இடது ஓரத்துல ஒட்டிக்கோங்க. சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்பணும், அதுக்கப்புறம்தான் சாப்பாடு. அக்கா, இனிமே நீங்க தட்டைத் தொடக் கூடாது. உக்காந்தா அவருக்கு இடது பக்கமாத்தான் உக்காரணும்.

மனைவி: நான் பக்கத்துல இருக்கறதே தெரியாம இருப்பாரே... அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

தெரபிஸ்ட்: இருக்கணும்க்கா. அவர்தான் உங்களைத் தேடி வரணும்.

டிரைவர்: அதுவும் நல்லாத்தான் இருக்கு. வா, இந்தப் பக்கம் உக்காரு.

மனைவி: உக்காந்துட்டேன்.

டிரைவர்: எங்கே?

மனைவி: இங்கதாங்க.

டிரைவர்: இரு... வர்றேன்... ஆங். என்னடி இது, மூக்கு இப்படிச் சிவந்து கிடக்கு? இவ உக்காந்தா டேப்பே வேணாம் போலிருக்கேம்மா.

மனைவி: போங்க.

தெரபிஸ்ட்: அண்ணா, வந்ததும் கேட்டதையே திரும்பக் கேக்கறேன். உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?

டிரைவர்: ...ஏய், கையை நீட்டு.

மனைவி: எதுக்கு?

டிரைவர்: நீட்டுன்னா நீட்டேன்... இந்தா, பிடி.

மனைவி: இது... இது என் பீரோ சாவி!

தெரபிஸ்ட்: அப்ப வேன் சாவி?

டிரைவர்: போன வாரம் இவ கடைக்குப் போயிருந்தப்ப, வேன் வர்ற நேரம் பார்த்துத் தெருமுனைக்குப் போனேன். பிள்ளைங்களைப் பார்க்கலாம்னு. பக்கத்து வீட்டு வாலு 'மாமா, மாமா'ங்குது. குரல் கேக்குது, ஆளைக் காணோம். வலது பக்கமாவே சுத்திச் சுத்தித் தேடறேன். அது என் இடது கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதும்மா.

மனைவி: ஐயோ...

டிரைவர்: 'மாமாவுக்கு என் மேல கோவம்'னு அழுதுக்கிட்டே வேன்ல ஏறிடுச்சு. புது டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பிள்ளை கையைப் பிடிச்சதே தெரியாதவனுக்கு வேன் எதுக்கு? அங்கயே அவன் கையில சாவியைக் குடுத்துட்டேன். பாக்கெட்ல சத்தம் கேக்கலன்னா இவ கண்டுபிடிச்சுடுவாளேன்னு பீரோ சாவியை எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

தெரபிஸ்ட்: அண்ணா...

டிரைவர்: ஆசை கேட்டீங்கல்ல? அந்தக் குட்டி கூப்பிட்டா திரும்பிப் பார்க்கணும். அதுக்கு வழி பண்ணிக் குடுங்க, போதும்.

தெரபிஸ்ட்: அப்ப நாளைக்குப் பயிற்சி வீட்டுல இல்லண்ணா. தெருமுனையில, வேன் வர்ற நேரத்துக்கு. அந்தக் குட்டியையும் உங்க இடது பக்கமே நிக்கச் சொல்லுவோம்.

மனைவி: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா சாப்பிட உக்காந்தப்பல்லாம், 'அடுத்த மாசம் ஓட்டுவேன், அடுத்த மாசம் ஓட்டுவேன்'னு என்கிட்டச் சொன்னீங்க?

டிரைவர்: சாப்பிடச் சாப்பிடத் தட்டுல சோறு முளைக்குமாடி? நீ திருப்பி வைக்கறது எனக்குத் தெரியாமலா இருக்கும்? திருப்பி வச்சுட்டு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பே... நான் ஓட்டுவேன்னு சொன்னப்புறம்தான் நீ உன் தட்டுல கையே வைப்பே.