சுவர் இடியவில்லை

— அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறணும் சார்.

— லீவு கேளு, புது மெஷின் கேளு, இதை மட்டும் என்கிட்ட கேக்கக் கூடாதுன்னு உன் சீனியருங்க சொல்லலையாம்மா?

— முதல் நாளே சொன்னாங்க. நம்ம மருந்து ரத்தச் செல்லோட சவ்வைக் கிழிக்குதுன்னு எழுதினோமே, அது தப்பு. செல்லை உடைச்சது மருந்து இல்ல, தண்ணி.

— அப்போ மருந்தில்லாத செல்லு ஏம்மா உடையலை?

— அதைப் போட்டது கடையில வாங்கின உப்புநீர்ல. மருந்தைக் கரைச்சது நம்ம ஜாடித் தண்ணில. நீங்க எழுதி சுவத்துல ஒட்டின சீட்டு என்ன சொல்லுது? நாலரை கிராம் உப்பு, ஜாடி நிறையத் தண்ணி.

— பதினஞ்சு வருஷமா அதாம்மா அளவு.

— அப்ப இருந்தது அரை லிட்டர் ஜாடி. அது உடைஞ்சு, இப்ப இருக்கறது ஒரு லிட்டர். சீட்டு மட்டும் மாறலை. வெளிய உப்பு பாதியானா தண்ணி உள்ள பாயும், செல்லு ஊதி வெடிக்கும். பள்ளிக்கூடப் பாடம் சார். உங்க எழுத்தாச்சேன்னு யாரும் கை வைக்கலை. நானும்தான்.

— சரியான உப்புல பாத்தியா?

— பதினோரு தடவை. செல்லு உடையலை. ஆனா மருந்து உள்ள இருக்கு.

— அதெப்படிம்மா? சவ்வு ரெண்டடுக்குக் கொழுப்பு. தண்ணில கரையற மருந்து அதைத் தாண்டாதே.

— தாண்டலை. கொழுப்புக்கு நடுவுல ஒரு புரதம் வாசல் மாதிரி நிக்குது. அதை அடைச்சேன், மருந்து வெளியவே நின்னுடுச்சு. அடைப்பை எடுத்தேன், உள்ள போயிடுச்சு. சுவர் இடியவே இல்ல சார்.

— அடிப்பாவி. பழைய கட்டுரையைத் தூக்கிச் சாப்பிட்டுடுமே இது.

— அதனாலதான் கேக்கறேன்.

— இரும்மா, அவசரப்படாதே. உன் ஆய்வேடு நிக்கறதே அந்தக் கட்டுரை மேல. எட்டாம் தேதி வாய்மொழித் தேர்வு. உங்க வீட்டுல காலேஜ் படி ஏறின முதல் ஆளு நீ. பட்டத்தை வாங்கிக்கோ, ஒன்பதாம் தேதி ரெண்டு பேருமா உக்காந்து எழுதுவோம். யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியும்.

— உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காதேம்மா. எங்க கிளம்பிட்டே? உக்காரு.

— ஆய்வேட்டை ஆபீஸ்ல இருந்து காலையிலேயே திரும்ப வாங்கிட்டேன் சார். கட்டுரைல முதல் பேரு என்னுது, பத்திரிகைக்குக் கடிதமும் எழுதியாச்சு. அஞ்சு மணிக்கு அனுப்பறேன். கீழ உங்க கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கேன், வேணும்னா வந்து போடுங்க. வரேன்.