கோல்கீப்பரின் விரல்

"எனக்க விரலு ஒடிஞ்சத நீ கோச் சாருகிட்ட பறஞ்சேன்னா ஒன்னச் சும்மா விடமாட்டேன்."

குழித்துறை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கல்லூரி மாணவர்கள். அன்று அவர்களுக்குக் கால்பந்து ஃபைனல். மிரட்டியவன் கோல்கீப்பர், மற்றவன் மாற்று கீப்பர்.

"எப்பிடில ஒடிஞ்சு?"

"அப்பாக்க வள்ளத்துல. நங்கூரக் கயிறு சுத்திற்று."

"ஃபைனல் அன்னைக்கு எவனாவது கடலுக்குப் போவானா?"

"ஆளு கொறவு மக்கா. ஒனக்கு எனக்க எடம் வேணும், அதான் கேக்குத."

"அப்ப இதப் பிடி."

தண்ணீர் பாட்டிலை எறிந்தான். கோல்கீப்பர் பிடித்தான், வலியில் விட்டுவிட்டான். அது என் காலடிக்கு உருண்டது. மடியில் தூங்கும் என் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்து, கொடுக்கவில்லை.

அவர்கள் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது கோல்கீப்பர் தன் கிளவுஸை அவனிடம் நீட்டினான்.

"கோச் சாருகிட்ட நானே பறயேன். நீ கோல் விட்டேன்னா எங்க கடப்புறத்து ஊருப் பக்கம் வந்திராத."