பூஜ்ஜியத்துக்குள் விழுந்தவன்

பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பட்டறிவால் பழுத்த மூத்த தொழிலாளர்களே! விடியலில் அடுப்பையும் பகலில் ஆலையையும் ஆளுகின்ற தாய்மார்களே! என்னோடு தோள் தேய மூட்டை சுமந்த தோழர்களே! உங்கள் எல்லோர்க்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

விபத்துக் கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூறு பேர் உழைக்கும் இடத்தில் ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அடிபடுகிறது? அதுதான் விபத்து விகிதம். அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்? யார் இல்லை? அதைச் சொல்லவே வந்தேன். ஏனெனில், அதில் இல்லாதவனாக இருந்தவன் நான்!

எங்கள் கிடங்கு வாசலில், ‘விபத்து: பூஜ்ஜியம்’ என்று ஒரு பலகை பளபளத்தது. அந்தக் கிடங்கின் மேல்தளத்திலிருந்துதான் மூட்டையோடு விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸில் மேற்பார்வையாளர் என் காதருகே குனிந்தார்.

“அண்ணே, வீட்டு மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லிடுங்க. கம்பெனிக்கு விருது வர்ற நேரம். உங்களக் கைவிட மாட்டோம்.”

கைவிடவில்லை தோழர்களே, கண்டுகொள்ளவே இல்லை!

கிடங்கில் விழாதவனைப் பார்க்கக் கிடங்கிலிருந்து யார் வருவார்? வரக்கூடாது என்று உத்தரவு. மாலையானால் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி மாமன், மச்சான், பேரன், பேத்தி! நானோ மனைவியை இழந்தவன். மகள் கடல் கடந்து வாழ்க்கைப்பட்டவள். கதவு திறக்கும்போதெல்லாம் தலை தூக்குவேன். மருந்து வண்டி வரும். தரை துடைப்பவர் வருவார். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் நடிப்பேன். தனிமை கொடியது, தனியாகக் கிடப்பதைப் பிறர் பார்ப்பது அதனினும் கொடியது!

ஒருநாள் ஒரு பெண்மணி வந்தார். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்; விபத்துகளைப் பதிவு செய்யும் பாதுகாப்பு அதிகாரி.

“எங்கண்ணே விழுந்தீங்க?”

“வீட்டு மாடிப்படியிலம்மா.”

“எத்தனாவது படியில?”

வாயைத் திறந்தேன். பொய்க்குப் பதில் உண்மை வந்து விழுந்தது.

“என் வீட்டுக்கு மாடியே இல்லம்மா!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பின் பாதியிலேயே அழுதுவிட்டேன்.

அவர் என்னைக் கணக்கில் சேர்த்தார். பூஜ்ஜியம் போயிற்று. விருது போயிற்று. மேல்தளத்துக்குக் கம்பித் தடுப்பு வந்தது! அதன்பின் ஒளித்து வைத்த காயங்கள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன: நசுங்கிய விரல், வெந்த முழங்கை, பிசகிய முதுகு. விகிதம் ஏறியது. “இந்தம்மா வந்ததுலேருந்துதான் ஒரே விபத்து” என்றார்கள் நம் ஆட்களே. ஐயா, தெர்மாமீட்டரா காய்ச்சலைக் கொண்டுவந்தது?

நிர்வாகத்தின் பக்கம் அவருக்கு முகம் கொடுப்பார் இல்லை. நம் பக்கம் பேச்சுக் கொடுப்பார் இல்லை. சாப்பாட்டு அறையில் சுவரைப் பார்த்து உண்கிறார். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் என் ஆஸ்பத்திரி மாலைகள் கண்முன் வருகின்றன.

எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் நினைத்தல். ஒரே சொல், தோழர்களே! கணக்கில் எண்ணாதவனை மனத்தில் எவர் எண்ணுவார்? எண் ஏறினால் நாணாதீர்கள். எண்ணப்படாமல் ஒருவன் கிடந்தால் நடுங்குங்கள்!

அதோ, கடைசி வரிசை. திரும்பிப் பாருங்கள். அவர்தான். இருபுறமும் நாற்காலிகள் காலி.

பேசவிட்ட தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. எனக்கு மாலை வேண்டாம். மேடையில் இடமும் வேண்டாம். அந்தக் காலி நாற்காலிக்குப் போகிறேன். ஊன்றுகோல்காரன், போய்ச் சேர நேரமாகும். அதற்குள் வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், எனக்குச் சிறிதும் வருத்தமில்லை.

வணக்கம்.