சத்தம் போடாத ஃபேன்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சத்தமாகச் சொல்லுகிற கதையில்லை இது. நம்ம குணாவின் பெரியப்பா பூவராகவனுக்கு நடந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும்.

ராத்திரி பன்னிரண்டு தாண்டிவிட்டது. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகிற ஏரிக்கரை ரோடு. ஊரில் கரண்ட் இல்லை. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்ட் முடித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஏறி மிதிக்க மனசில்லை. அந்த வளைவில்தான் போன மாதம் அவருடைய ஒரே பிள்ளை தணிகைவேல் லாரியில் அடிபட்டுச் செத்தான்.

அவன் அந்த நேரத்தில் ஏன் அங்கே வந்தான்? அதுதான் அவர் நெஞ்சை அறுக்கிறது. பையன் பழைய சாமான்களைச் சேர்த்து மாட்டி ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். ராத்திரியெல்லாம் அதன் முன்னால்தான். ஃபேன் விர்ர்ர்... என்று இரையும். ஹார்ட் டிஸ்க் கிர்க்... கிர்க்... என்று சுரண்டும். இவரோ நாள் முழுக்க ஆலையில் காதைக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். சும்மா இருப்பாரா?

"இன்னாடா இது? மில்லுலதான் காது போவுதுன்னா, ஊட்லயும் ஒரு மில்லு ஓட்டிக்கினு கீற! நிறுத்துடா அத்த!"

"இருப்பா, சரி பண்ணிடறேன்" என்பான் தணிகை.

செய்யவும் செய்தான். அம்மா மணியம்மாளின் தையல் மெஷின் எண்ணெயை ஃபேனுக்கு ஒரு சொட்டு விட்டான். சைக்கிள் டியூபை வெட்டி ஹார்ட் டிஸ்க்குக்கு மெத்தை வைத்தான். கொஞ்சம் அடங்கும். நாலு நாளில் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில், சத்தம் போடாத ஃபேன் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்கே போனான். வாங்கிக்கொண்டு இருட்டில் நடந்து திரும்பும்போதுதான் அந்த லாரி. பையிலிருந்த ஃபேன் டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை. பூவராகவன் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

அன்றைக்கு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது... விர்ர்ர்...

தெருவே இருட்டு. பையன் அறையில் மானிட்டர் கறுப்பு. ஒயர் சுருட்டினபடியே கிடக்கிறது. கம்ப்யூட்டர் பெட்டிமேல் கையை வைத்தார். அதிர்ந்தது. தையல் மெஷின் எண்ணெய் வாசனை... கிர்க்... கிர்க்...

இன்னொருத்தர் என்றால் அலறியடித்து ஓடியிருப்பார். இவர் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தார். பிள்ளை போன பிறகு அன்றைக்குத்தான் தூங்கினார்.

காலையில் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "உனக்கும் கேட்டுச்சா மணி?"

"கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாதய்யா. கொழந்த ஊட்லதான் கீறான்."

அப்புறம் தினமும் அந்தச் சத்தம் கேட்டால்தான் இரண்டு பேருக்கும் தூக்கம்.

ஒருநாள், ஆள் வரவில்லையென்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து விழுந்தார். மண்டை பிளக்கிறது. பாதித் தூக்கம். பழகின வாய், சும்மா இருக்குமா?

"நிறுத்துடா அத்த!"

நின்றுவிட்டது.

பதறி எழுந்து உட்கார்ந்தார். "தணிக... நைனா... தூக்கத்துல சொல்லிட்டேன்டா. நீ போடு. எவ்ளோ வேணா சத்தம் போடு..."

கொஞ்ச நேரம் கழித்து, இருட்டில்... ஒரு திருகாணி கழலுகிற சத்தம். அப்புறம் இன்னொன்று.

"வேணாண்டா... வேணாண்டா..." என்று குழந்தை மாதிரி அழுதார். அப்பா ஒன்று சொல்லிவிட்டால் செய்து முடிக்காமல் படுக்காத பிள்ளை அவன்.

விடிந்ததும் மணியம்மாள் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. கனமே இல்லை. பிரித்தால், உள்ளே ஃபேன் இல்லை.

இன்றைக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒயர் செருகவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது பூவராகவன் அதன் பின்பக்கம் காதை வைத்துப் பார்ப்பார். ஒரு சத்தமும் இருக்காது. கன்னத்தில் மட்டும்... காற்று படுமாம்.