இருபத்தொன்பதாவது வினாடி

ராத்திரி ஒன்றே முக்கால். திருத்தணியிலிருந்து அம்மையார்குப்பம் போகும் ரோடு. இரண்டு பக்கமும் கரும்பு. நடுவே ஒரே ஒரு பைக். ஓட்டிப் போனவர் சந்திரமோகன், நம்ம கஜபதியின் அக்கா புருஷன்; அவன் கூப்பிடுவது 'பாவா' என்று. கஜபதி இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பொய்யென்றால் சொல்லட்டும்.

இயந்திரம் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலை எழுதுவதுதான் அவர் வேலை. அந்த முறை விசைத்தறிக்கான சென்சார் பெட்டி. கை உள்ளே போனால் தறி நிற்க வேண்டும். கை வெளியே வந்து இரண்டு வினாடி ஆனால் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு கோளாறு இருந்தது. இரண்டு வினாடி முடிகிற அதே கணத்தில் கை மறுபடி உள்ளே போனால், 'நில்'லும் 'ஓடு'ம் சேர்ந்தே கிளம்பும். எது பிந்துகிறதோ அதுதான் செல்லும். லட்சத்தில் ஒரு தடவை 'ஓடு' ஜெயிக்கும்.

சோதனையில் ஒருமுறை அதைப் பார்த்தார். எங்கே என்று பிடிக்க, "கை உள்ளே" என்று திரையில் காட்டும் ஒரு வரியைச் சேர்த்தார். கோளாறு காணாமல் போனது. அந்த வரியை எழுதும் தாமதத்தில் இரண்டும் மோதாமல் விலகிவிட்டன. உண்மையில் பூட்டு போட்டிருக்க வேண்டும், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்படி. போடவில்லை. ஆறு மாதம் கழித்து, திரையில் குப்பை சேருகிறதென்று அந்த வரியையும் எடுத்துவிட்டார்.

எடுத்த பதினேழாவது நாள், தறி ஓட்டிக்கொண்டிருந்த எல்லம்மாளின் கை போனது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்... ஆளும் போனாள்.

காலை ஆறு மணிக்கு அதே தறியில் அவள் மகள் யுவஸ்ரீ நிற்கப் போகிறாள். அதற்குள் பூட்டு போட வேண்டும். அதற்காகத்தான் அந்த ராத்திரி பைக்.

தறிக்காரர் ஜம்புலிங்கம் கொட்டகையைத் திறந்துவிட்டார். எண்ணெய் நாற்றம், பஞ்சுத் தூசி, அதற்கு மேல் பினாயில்.

"காலைல பொண்ணு வந்துடும் சார். முட்சிட்டுத்தான் போவணும்."

"ஆங்."

பூட்டு போட்டார். மரக்கட்டையை நூறு தடவை நீட்டிப் பார்த்தார். நூறு தடவையும் தறி நின்றது. கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே ஓடவிட்டார்.

டடக்... டடக்... டக்.

நின்றது. திரையில், "கை உள்ளே".

அந்த வரி புது நிரலில் இல்லை. எங்கும் இல்லை.

சென்சாரைத் துடைத்தார். வயரை மாற்றினார். கடைசியில் வயரைக் கழற்றியே வைத்தார். அப்போதும் "கை உள்ளே".

"இன்னா சார், கெட்டுப்போச்சா? முப்பது செகண்டு பாரு, அப்பவும் கை கீதுன்னா கண்டுக்காம ஓட வுடு. துணி பீஸ் முடியணும்."

சந்திரமோகன் அதையும் எழுதினார். ஏன் எழுதினார் என்று கேட்டதற்கு, கை மரத்துப்போயிருந்தது என்றார். எழுதியது மட்டும் ஞாபகமாம்.

இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது...

"கை வெளியே". உடனே, "கை உள்ளே".

கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி இருபத்தொன்பது. மறுபடி அதே. நாலு மணிவரை முப்பது வரவே இல்லை.

"டேய், பேய்க்கு என்னாடா டைமரு?" என்றான் எங்களோடு உட்கார்ந்து கதை கேட்ட ஃபஹத்.

"வாய மூடிகினு கேளு," என்றான் கஜபதி. "பாவா அன்னிக்கி பூட்டு போடாம வுட்ட வேலதான். அந்தக் கை இன்னும் போவல."

ஆறு மணிக்கு யுவஸ்ரீ வந்தாள். சுவிட்சைப் போட்டாள்.

"இன்னாங்க, ஓடலியே?"

"ஓடாதும்மா," என்றார் சந்திரமோகன்.

அவள் வீட்டுக்குப் போனாள். தறி இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

இன்னொன்று. நாலு மணி வாக்கில் ஜம்புலிங்கம் வெளியே போன சமயத்தில், சந்திரமோகன் முப்பதை அழித்துப் பத்து என்று மாற்றினார். வாயால் சொல்லவில்லை. திரையிலும் காட்டவில்லை. விளக்கைக்கூட அணைத்துவிட்டுத்தான் தட்டினார்.

ஒன்பதில் வந்தது, "கை வெளியே".