வின்னி கடைச் சுவரின் வெள்ளக்கோடு

— உளியைக் கீழ வை வின்னி. நாப்பது வருஷமா உன் பப் சுவத்துல சும்மா கிடந்த வெள்ளக்கோடு, இன்னைக்கு உன்னை என்ன பண்ணுச்சு?

— திங்கக்கிழமை எஞ்சினியர் அளக்க வர்றாரு ஹியூபர்ட். வெள்ளம் இது வரைக்கும் ஏறுச்சுன்னு நம்பி, இந்தக் கோட்டுக்கு மேல ஒரு அடி வச்சு, கரை நெடுக மதில் எழுப்பப்போறாங்களாம். அப்புறம் நம்ம ஊர்ல ஆறே தெரியாது. ஜன்னலைத் திறந்தா செங்கல்தான்.

— வெள்ளம் வராம இருந்தா சரி. நாப்பத்தேழு வெள்ளத்துல ஆள் மூழ்குற தண்ணி...

— வரல.

— எது வரல?

— அவ்வளவு தண்ணி வரல. அக்கரை விக்ஸ்டன்காரன் அவன் சர்ச் சுவத்துல நெஞ்சு உசரத்துக்குக் கோடு செதுக்கினான். அதுவே புளுகு. எங்கப்பா விடுவாரா? ஏணி போட்டு ஏறி, அதைவிட உசரமா இங்க செதுக்கிட்டாரு.

— பாலத்துல பாதி வரைக்கும் நாம பச்சை அடிச்சா, மீதியை அவன் நீலம் அடிப்பான். அது வழக்கம். வெள்ளத்துலயுமா போட்டி?

— அதான் அழிக்கப்போறேன். நகரு.

— கொஞ்சம் பொறு தாயே. இருபது வருஷமா என் படகுல வர்ற சனங்களை இங்க நிறுத்தி, “நாலு வயசுல கூரை மேல உக்காந்திருந்தேன், அந்தக் கோடு வரைக்கும் தண்ணி, ராணுவப் படகு வந்து காப்பாத்துச்சு”ன்னு சொல்றேன். போன வாரம்கூட ஒரு அம்மா அழுதுட்டே எனக்கு பன் வாங்கிக் குடுத்துச்சு.

— தெரியும். என் கடை பன்தானே.

— கோடு போச்சுன்னா சனங்களுக்கு என்னத்தைக் காட்டுவேன்?

— ஆத்தைக் காட்டு. மதில் வந்தா அதுவும் இல்ல.

— ...உளியைக் குடு இப்படி. செதுக்கினா தடம் தெரியும். பொய்க்கோடுன்னு எஞ்சினியர்கிட்ட நானே சொல்லிடறேன். என் கதை போனாப் போகட்டும்.

— உன்னால முடியுமா?

— முடியும். ஆனா சத்தியமா அந்தக் கூரை எனக்கு நினைப்பிருக்கு வின்னி. உசரத்துல உக்காந்திருக்கேன். சுத்திலும் தண்ணி. நான் கொஞ்சம்கூட பயப்படல.

— முழங்கால் தண்ணி.

— உனக்கெப்படித் தெரியும்? அப்ப உனக்கே பதினோரு வயசு.

— கூரை இல்லடா அது. என் தோளு.