ஜலேபி தானாக ஏறிய நாள்

மே மாதத்து தில்லி வெயிலில், நனைத்துப் போட்ட ரப்பர் விரிப்பு உலர இருபது நிமிடம் போதும். நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டால் இன்னும் சீக்கிரம். எனக்கு இது நன்றாகத் தெரியும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஜ்யோத்ஸ்னா.

ஜலேபியின் பயிற்சி நோட்டை டப்ளினுக்கு அனுப்பிவைக்கச் சொல்லி நேற்று போனில் கேட்டாய். அட்டையில் நீ வரைந்த படத்தில் அவளுக்கு மூன்று கால்களும் ஒரு சுருண்ட வாலும் இருக்கின்றன. உள்ளே கடைசியில் பதினொரு பக்கங்கள் காலி. முப்பத்து நான்கு வருடம் மத்திய அரசில் கோப்பு எழுதியவன் நான். முடியாத கோப்பை மூடிக் கட்டி அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

அம்மா இறந்துபோன குளிர்காலத்தில், முனிர்கா மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்து நீ அந்த நாய்க்குட்டியை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வந்தாய்.

"ஜலேபியா? நம்மாத்து நாய்க்கு ஜாங்கிரின்னு வெச்சா என்னவாம்?" என்று கேட்டேன்.

"வாலைப் பாருப்பா. ஜாங்கிரி அளவுக்கு டிசைன் இல்லே" என்றாய். வீட்டில் நாம் சிரித்தது எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான்.

இந்த வருடம் மார்ச்சில் தண்ணீர் டேங்கர் ஒன்று பின்பக்கமாக வந்து அவள் மேல் ஏறியது. இடது பின்னங்காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நான் மலை மந்திர் முருகன் கோவிலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

தையல் பிரித்த அன்று டாக்டர் அரோரா நம் இருவரையும் உட்காரவைத்து இந்தியில் விளக்கினார். நாலு காலில் நடந்த நாய் மூன்று காலில் நடக்கப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பின்பக்கத்துப் பாரம் முழுவதும் இனி அந்த ஒரு முட்டியில்தான் இறங்கும். அதனால் உடம்பு லேசாக இருக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்கிள், பாவம் பாவம்னு தூக்கிண்டு திரியாதீங்க. நீங்க பாவம் பாத்தா, இவ நடக்கவே மாட்டா." அதே வார்த்தைகள் இல்லை, ஆனால் அர்த்தம் அதுதான். எனக்கு நன்றாகப் புரிந்தது.

நீ யோகா விரிப்புகள் ஆறு வாங்கிக் கூடத்திலிருந்து வாசல் கதவு வரைக்கும் மொசைக் தரையில் சாலை போட்டாய். துண்டை மடித்து அவள் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடக்கவிட்டாய். தலையணை மேல் முன்கால்களை வைக்கச் சொல்லி ஐந்து எண்ணினாய். சீஸ் துண்டை மூக்குக்கு முன்னால் இடமும் வலமும் நகர்த்த, அவள் கூடவே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தாள். ஏழாவது நாள் துண்டில்லாமல் நான்கு அடி நடந்துவிட்டு, தன் பின்பக்கத்தைத் தானே திரும்பிப் பார்த்தாள். நீ கை தட்டினாய். நானும் தட்டினேன்.

டப்ளின் வேலைக் கடிதம் ஏப்ரல் கடைசியில் வந்தது. அக்டோபர் ஒன்று சேர வேண்டும். இட்லிக்கு மிளகாய்ப்பொடியைக் குழைத்துக்கொண்டே சொன்னாய்.

"ஜலேபி மட்டும் தானா மாடிப்படி ஏறிட்டான்னு வை, நான் தைரியமா கிளம்பிடுவேன்ப்பா. அவ இருந்தா உனக்கு கம்பெனி. இல்லேன்னா ஆஃபரை விட்டுடறேன். பக்கா."

"அச்சா" என்றேன்.

நம் வீடு முதல் மாடி. பத்தொன்பது படிகள். நான் அன்று வரை அவற்றை எண்ணியதில்லை.

நீ குருகிராம் அலுவலகம் போகும் நாட்களில் பகல் பொழுது என் பொறுப்பு. நோட்டில் உன் பத்திகளுக்குக் கீழே என் பத்திகளும் இருக்கின்றன, சுத்தமான ஆங்கிலத்தில். நாற்பது அடி, துண்டில்லாமல். விரிப்புகள் தரையில் இருந்தன. தின்பண்டம் தரவில்லை. இவை தேதியோடு, என் சுருக்கக் கையெழுத்தோடு இருக்கும்.

உண்மையில் நடந்தது இது. நீ படியிறங்கியதும் ஆறு விரிப்புகளையும் எடுத்து அலசி பால்கனியில் போடுவேன். ஒரு நாய் நடமாடும் விரிப்பை அலசுவதில் தப்பு ஒன்றும் இல்லையே. இருபது நிமிடத்தில் அவை உலர்ந்துவிடும். மாலை ஆறு மணிக்கு எடுத்து விரிப்பேன். பகலெல்லாம் ஜலேபி சுவர் ஓரமாகவே போனாள். தரையில் அவள் நகம் கீறும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பிறகு கூடத்துக்கு வருவதையே விட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். அது அவளுக்கும் சௌகரியம் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குத் தயிர் சாதம். நெய் விட்டுப் பிசைந்தது. கிருத்திகைக்கு மலை மந்திர் சர்க்கரைப் பொங்கல். என் கையிலிருந்து சாப்பிடுவாள், விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடிப்பாள். உன் அம்மா ருக்மிணிக்குப் பிறகு என் கையால் பிசைந்ததை ஆசையாக யாரும் சாப்பிட்டதில்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் குறிக்கிறேன்.

கீழே இறங்க வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டு போனேன். கீழ்வீட்டு மகாதேவன் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கிழுப்பார். "என்ன ஓய், ஜலேபிக்குப் பல்லக்கு சவாரியா? எங்காத்துல எனக்கு முட்டி வலின்னா ஊஞ்சலைக் கூட யாரும் தள்ளிவிட மாட்டா." குடியிருப்பில் எல்லோருக்கும் என்மேல் மரியாதை கூடிப்போயிற்று. அறுபத்தேழு வயசில் ஒரு ஊனமான நாயைத் தூக்கிச் சுமக்கிறாரே என்று பூங்காவில் பேசிக்கொண்டார்கள். கடைசிப் படிக்கு முன்னால் அவள் கீழே இறங்கத் துடிப்பாள், முன்கால்களால் என் மார்பைத் தள்ளுவாள். நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

ஏப்ரலில் பதினேழு கிலோ. ஜூலையில் இருபத்தொன்று. நீ அவளுடைய தட்டை எடை போட்டுப் பாதியாக்கினாய். சீஸை நிறுத்தி வெள்ளரிக்காயாக மாற்றினாய். எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது. தைராய்டாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ரத்தம் எடுக்க ஒருத்தர் அவள் முன்னங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. இந்தப் பக்கத்தை நீ கட்டாயம் பார்த்திருப்பாய். 'காலையில் தூக்கிச் சென்றேன், தூக்கி வந்தேன்' என்று எழுதியிருக்கிறேன்.

அன்று அவளைக் கீழே பூங்காவில் விட்டுவிட்டு மகாதேவனோடு பேசிக்கொண்டிருந்தேன். திரும்பினால் ஆளைக் காணவில்லை. தேடிக்கொண்டு வந்தால், படிக்கட்டில் நிற்கிறாள், மூன்றாவது படியில். அந்த எடையோடு. முன்கால்களை மேல்படியில் ஊன்றி, கொஞ்சம் காத்திருந்து, அந்த ஒற்றைக் காலால் எம்பினாள். மறுபடி ஊன்றி, மறுபடி காத்திருந்தாள். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியேதான், அவசரமே இல்லை. பத்தாவது படியில், திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கீழே நான் நிற்பதைப் பார்த்து வாலை ஒருமுறை ஆட்டினாள். பிறகு மிச்சம் ஒன்பதையும் ஏறினாள். நம் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, திறக்கட்டும் என்று என்னைப் பார்த்தாள்.

நான் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் நின்றது. அது சந்தோஷம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மேலே போய்க் கதவைத் திறந்து, அவளுக்கு ஒரு கரண்டி நெய் கொடுத்தேன். பிறகு நோட்டை எடுத்து அந்த வரியை எழுதினேன்.

அன்று சாயங்காலம் வந்ததும் வழக்கம்போல நீ அவளைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாய். காலையில் பத்தொன்பதும் ஏறியவளுக்குக் கால் வலித்திருக்கும். இரண்டாவது படியிலேயே படுத்துவிட்டாள். நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாய். வெளியே வந்து, "டப்ளினுக்கு முடியாதுன்னு எழுதிடறேன்ப்பா, அடுத்த வாரம்" என்றாய். நான் உனக்குக் காபி கலந்து கொடுத்தேன். கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக.

அத்தோடு நின்றிருந்தால் ஜலேபி இன்றைக்கும் இருந்திருப்பாள். ஆனால் நீ எழுதவில்லை. செப்டம்பர் முதல் வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டாய். அந்த ஏழு நாளும் விரிப்புகள் தரையிலேயே கிடந்தன. நெய் இல்லை, பல்லக்கும் இல்லை. சனிக்கிழமை உன் கண் எதிரில் பன்னிரண்டு படி ஏறினாள். நீ படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாய். மகாதேவன் வெளியே வந்து லட்டு கொடுத்தார்.

"வர்ற சனிக்கிழமை மொத்தமும் ஏறிடுவா, பாத்துண்டே இரு" என்றாய். "டிக்கெட் பாக்கட்டுமா?"

"பாரேன்" என்றேன்.

உன்னிடம் சாவி இருந்தும் மணி அடித்துவிட்டுத்தான் நிற்பாய், ஜலேபி கதவுக்கு ஓடி வர வேண்டும் என்பதற்காக. ஆறரைக்கு மணி. படி ஏறுவதைவிட, நடப்பதைவிட, அந்த மணிதான் அவளுக்கு நிஜமான பயிற்சி. எங்கே கிடந்தாலும் எழுந்து பாய்ந்து வருவாள்.

வியாழக்கிழமை ஆறு இருபதுக்கு நான் தரையைத் துடைத்தேன். வேலைக்கு வரும் சுனிதா காலையிலேயே துடைத்துவிட்டுப் போயிருந்தாள். பினாயில் தண்ணீரைத் தாராளமாக விட்டேன். மின்விசிறியைப் போடவில்லை. விரிப்புகள் பால்கனியில் இருந்தன, உலர்ந்துதான் இருந்தன. அவள் சாக நான் நினைக்கவில்லை. சறுக்கி விழுந்து, ஒரு மாதம் பயந்து கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்தில் அக்டோபர் ஒன்று தாண்டிவிடும்.

மணி அடித்தது. அவள் ஓடி வந்தாள். கதவுக்கு நாலடி தூரத்தில் அந்தக் கால் வெளிப்பக்கமாகப் போயிற்று. ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன். நீ உள்ளே வந்தபோது படுத்தபடியே வாலை ஆட்டினாள்.

விரிப்புகள் இன்னும் உலரவில்லை என்று நான் உன்னிடம் சொன்னதும், மிச்சமும் உனக்கே தெரியும். இருந்த ஒரே முட்டியில் தசைநார் அறுந்துவிட்டது. இருபத்து நாலு கிலோ. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதன்பிறகு மூன்று மாதம் எந்தக் காலில் நிற்பாள் என்று டாக்டர் அரோரா கேட்டார். நாலாவது நாள் நீதான் முடிவெடுத்தாய். ஊசி போடும்போது அவள் தலை உன் மடியில் இருந்தது. என் விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். பாதியில் நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது டாக்சியில் சொன்னாய்: "நான் குடுத்த சீஸ்தான்ப்பா. நான்தான் அவளை இப்படி குண்டா, மோட்டியா ஆக்கிட்டேன்."

"அப்படியெல்லாம் நினைச்சுக்காதே கண்ணா. உன் தப்பு எதுவும் இல்லே" என்றேன். அது உண்மை என்பதால் இரண்டு தடவை சொன்னேன்.

நீ இருபத்தெட்டாம் தேதி கிளம்பினாய். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்டதற்கு, "இந்தத் தரையை என்னால பாக்க முடியலேப்பா" என்றாய். விரிப்புகளை நான் இன்னும் எடுக்கவில்லை. இப்போது பகலெல்லாம் தரையில்தான் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தேதி, நேரம், எடை எதிலும் தப்பில்லை. மனசறிந்த விஷயத்தைத் தாய்மொழியில்தான் எழுத வரும் என்பதால் தமிழில் எழுதினேன். ஆர்.கே.புரத்தில் ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் உன்னைச் சேர்க்க வேண்டும் என்று அம்மா நாலு வருடம் கேட்டாள். கணக்கு ட்யூஷன் கெடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். தமிழில் உனக்குப் படிக்கத் தெரிந்தது 'அப்பா', 'அம்மா', உன் பெயர், அவ்வளவுதான். போனைக் காட்டினால் அதுவே படித்துச் சொல்லும் என்கிறார்கள். அச்செழுத்தைப் படிக்குமாம். என் தமிழ்க் கையெழுத்தை உன் அம்மாவாலேயே படிக்க முடிந்ததில்லை.

நாளைக் காலை கூரியரில் அனுப்புகிறேன். உன் மகிழ்ச்சியைத் தவிர வேறு எதையும் நான் நினைத்ததில்லை. உன்னிடம் மறைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறாய் என்று நீ கேட்டால், ஜலேபிக்காக ஒரு பிரார்த்தனை என்று சொல்வேன். அதில் பொய் எதுவும் இல்லை.